பணி ஓய்வுக்குப் பின் மனநிறைவு தரும் பொழுதுபோக்கு: உங்கள் அனுபவம் என்ன?

சாட்ஸ்வர்த் ஆசிரியை (பிப்ரவரி 11)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 36 ஆண்டுகள் கணிதம் கற்பித்துவிட்டுக் கடந்த டிசம்பரில் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் வருகிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் இருவரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். ஆகவே உனக்கென்ன குறை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் ஜனவரியில் பள்ளிகள் திறந்த அன்று, பழக்கத்தில் விடியற்காலை நாலே முக்காலுக்கே எழுந்து குளித்து, மதியத்துக்குச் சோறும் கட்டி முடித்த பிறகுதான், அதை எடுத்துக்கொண்டு போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. சீருடை அணிந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் இறங்கிப் பேருந்துக்குப் போவதை, கடைசிப் பிள்ளை மறையும்வரை சமையலறைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. ஓவிய வகுப்பில் சேர்ந்து மூன்று வாரத்தில் விட்டேன். தோழிகளோடு வணிக வளாகத்தில் காலை நடை போனேன்; அது நடைக்கு நல்லது, மனத்துக்குப் போதவில்லை. குரோஷா பின்னல் கொஞ்சம் நீடித்தது. நான்காவது மேசைவிரிப்பைப் பின்னும்போது, இதை யாருக்காகப் பின்னுகிறேன் என்ற கேள்வி எழுந்தது; ஊசியை எடுத்து வைத்துவிட்டேன்.

நேரத்தைப் போக்க எனக்கு வழி வேண்டியதில்லை, அதற்குத் தொலைக்காட்சியே போதும். காலையில் எழுந்தவுடன், இன்று அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றும்படியான ஒன்று வேண்டும். அப்படி ஒன்றை நீங்கள் தேடிக் கண்டீர்களா, அல்லது அது தானாக வந்து உங்களைப் பற்றிக்கொண்டதா? என்னைப் பற்றித் தெரிந்தால் யோசனை சொல்ல உதவும் என்பதால் இதையும் சொல்கிறேன்: கணிதம் தெரியும். சிறு வயதில் கோயிலை ஒட்டிய மாலைப் பாடசாலையில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றேன். தாத்தா சொல்லிக்கொடுத்த பழைய வாய்பாடுகளும் பாதி நினைவில் இருக்கின்றன. வேறு கைத்தொழில் எதுவும் தெரியாது.

ஃபீனிக்ஸ் அண்ணன் (பிப்ரவரி 11)

தங்கையே, இரண்டு மாதம் ஒரு காலமே இல்லை. எனக்கு மனம் ஒரு நிலைக்கு வர ஓராண்டு ஆயிற்று. அதுவரை புதிய வகுப்பு எதற்கும் முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டிவிடாதீர்கள்.

வெருலம் தோட்டக்காரர் (பிப்ரவரி 12)

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக 41 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபோது வீட்டின் பின்புறம் புல் வளர்ந்த ஒரு துண்டு நிலம் கிடந்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து, ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய நம் முன்னோரில் பலர் டர்பனைச் சுற்றி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி எங்கள் குடும்பத்தை அந்த மண்ணிலிருந்து எழுப்பியபோது அப்பாவுக்கு வயது இருபது. அதற்குப் பிறகு அவர் மண்வெட்டியைத் தொடவே இல்லை. அதனால் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் நானே தொடங்கினேன்.

முதல் பருவத்தில் எல்லாவற்றையும் குரங்குகளுக்குக் கொடுத்தேன். கத்தரி, பீன்ஸ், பிஞ்சுச் சுரைக்காய் என்று ஒன்றையும் அவை விடவில்லை. மிளகாயை மட்டும் தொடாததால், இப்போது வேலி ஓரம் முழுவதும் மிளகாய்ச் செடி நட்டு, உள்ளே கீரையும் மடும்பிக் கிழங்கும் போட்டிருக்கிறேன். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: நீங்கள் சேப்பங்கிழங்கு என்று சொல்வதைத்தான் இங்கே ஜூலு மொழிப் பெயரால் மடும்பி என்கிறோம்.)

எனக்குத் தெரிந்தவரை ஒரு பொழுதுபோக்கு நிலைப்பதற்குக் காரணம், அதற்கென்று ஒரு நாட்காட்டி இருப்பதுதான். ஓவியத்தை நாளை வரையலாம் என்று தள்ளிப்போடலாம். மடும்பியைத் தள்ளிப்போட முடியாது. செப்டம்பர், அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் விதைக்கிழங்கை ஊன்றிவிட வேண்டும். கோடை முழுவதும் களை எடுத்து, தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். ஏப்ரல் வாக்கில் இலை பழுத்துச் சாயும்போதுதான் தோண்டலாம். ஏழு மாதம் அது மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. என் வயதில் இருப்பவன் செப்டம்பரில் ஒரு கிழங்கை ஊன்றுகிறான் என்றால், ஏப்ரலில் தானே அதைத் தோண்டுவோம் என்று நம்பித்தான் ஊன்றுகிறான். அந்த நம்பிக்கை ஆலையில் வாங்கிய சம்பளத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் ஒரு ஜூலு மூதாட்டி இருக்கிறார். கோகோ என்றுதான் நாங்கள் அழைக்கிறோம். ஒரு நாள் வேலியருகே நின்று, என் பாத்தியில் தானாக முளைத்திருந்த கீரையைக் காட்டி, அதை ஏன் களை என்று பிடுங்குகிறாய் என்று கேட்டார். அவர்கள் இம்ஃபினோ என்று சமைக்கும் கீரைகளில் அதுவும் ஒன்று. உள்ளே வந்து கிள்ளிக் காட்டினார். தண்டை வேரோடு இழுக்காமல், கட்டை விரல் நகத்தால் நுனியை மட்டும் கிள்ளி, கீழே இரண்டு கணுவை விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் அந்த இரண்டு கணுவிலும் தளிர் வந்தது. என் ஆயா கீரை கிள்ளும்போது அந்த விரல் இப்படித்தான் மடங்கும். ஐம்பது ஆண்டுகளாக மறந்திருந்த கை, வேறொருவரின் கையில் திரும்ப வந்தது போல் இருந்தது எனக்கு. இப்போது மிஞ்சும் கீரையைக் கட்டுக் கட்டி, வெள்ளிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன். அதில் ஒரு கட்டு கோகோவுக்கு.

இடம் இல்லையென்றால் பழைய பெயின்ட் வாளி போதும். மடும்பியைத் தோலெடுக்கும்போது மட்டும் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நமைச்சல் எடுக்கும்.

மாரிட்ஸ்பர்க் செவிலி (பிப்ரவரி 14)

அக்கா, தோட்டக்கார ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் செவிலியாக இருந்தவள் என்பதால் உடல்நலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டு நேச்சர் மெடிசின் இதழில் 16 நாடுகளைச் சேர்ந்த, 65 வயதைக் கடந்த 93,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், மகிழ்ச்சியும் வாழ்க்கையைப் பற்றிய திருப்தியும் கூடுதலாகவும் இருந்தன என்பது அதன் முடிவு. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா ஆகியவற்றை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வில் ஆப்பிரிக்க நாடு ஒன்றும் இல்லை. மேலும், உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கில் ஈடுபடுவது எளிது என்பதால், எது எதற்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிடவும் முடியாது. ஆனாலும் மருத்துவமனை வார்டுகளில் நான் கண்டதோடு அது பொருந்துகிறது.

இனி என் கதை. ஓய்வு பெற்ற ஆண்டில் என் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு குடும்ப மரத்தாளைக் கொண்டுவந்தாள். அம்மா, ஆயா வரை எழுதிவிட்டோம். அதற்கு மேல் கட்டங்கள் வெறுமையாக நின்றன. அந்த வெற்றுக் கட்டங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் துறைமுகத்துக்கு வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் 1,52,184 பேர் என்பதை நாம் எல்லோரும் விழாமேடைகளில் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு இங்கே ஓர் எண் கொடுக்கப்பட்டது என்பதும், கப்பல் பட்டியல்களில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், மாவட்டம், தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. அந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லாவிட்டால் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளையும், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளையும் தேட வேண்டும். எனக்கு எங்கள் ஊர் ஆவணக் காப்பகம் பத்து நிமிட நடை. டர்பனில் இருப்பவர்கள் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தை அணுகலாம்.

இதில் முதலில் இடறுவது பெயர்தான். தாத்தா காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. முனுசாமி என்றோ பெருமாள் என்றோ ஒருவருக்கு இட்ட பெயர், பதிவேட்டில் ஏறிய பிறகு அவருடைய பேரன் பேத்திகள் அனைவருக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. முதலியார் மூட்லியாகவும், நாயுடு நைடூவாகவும் ஆனது எழுத்தர் காதில் விழுந்தபடி. அதனால் ஒரே பெயரை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும். அடுத்தது ஊர். பட்டியலில் வட ஆர்க்காடு என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. அது 1989இல் இரண்டாகப் பிரிந்தது; அதில் வேலூர் 2019இல் மீண்டும் மூன்றாகி இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இது தெரியாமல் நான் ஐந்து மாதம் தவறான மாவட்டத்தில் ஒரு கிராமத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் ஆயாவின் தாயை ஒரு வியாழக்கிழமை பிற்பகல் கண்டுபிடித்தேன். வயது 19. உயரம் நாலடி பத்தங்குலம். அடையாளம் என்ற கட்டத்தில், இடது கணுக்காலுக்கு மேல் தீத்தழும்பு என்று இருந்தது. முப்பது ஆண்டுகளாக நோயாளிகளின் காயங்களைத் தாளில் குறித்தவள் நான். ஒரு தழும்பைப் படித்துவிட்டு அழுதது அன்றுதான். அடுப்பருகே குழந்தையாக இருந்தபோது பட்டிருக்க வேண்டும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அவளுக்குப் புகைப்படம் கிடையாது, கல்லறை எங்கே என்றும் தெரியாது. அவள் உடம்பைப் பற்றி எஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.

இப்போது மற்றக் குடும்பங்களுக்கும் தேடிக் கொடுக்கிறேன். பணம் வாங்குவதில்லை. அக்கா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் பழைய தகரப் பெட்டிகளில் தமிழில் எழுதிய கடிதங்களும், பத்திரங்களும், கல்யாணப் பத்திரிகைகளும் கிடக்கின்றன. தமிழ் மொழியை மேம்படுத்த வேண்டும் என்று நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனக்கும் பேசத்தான் சரளமாக வரும், பழைய கையெழுத்து என்றால் தடுமாறுவேன். வயதுக் கணக்கிலும் எனக்கு ஆள் வேண்டும்: கப்பலில் 22 என்று சொன்னவர் இறப்புப் பதிவில் எண்பதைத் தாண்டியிருப்பார், ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால் எழுபதுதான் வரும். தமிழும் கணிதமும் தெரிந்த ஒருவர் ஓய்வில் இருக்கிறார் என்று படித்ததும், இத்தனை நாள் தேடியவர் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மெரிபேங்க் தூண்டில்காரர் (பிப்ரவரி 15)

மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. இருவரும் நல்ல காரியம் செய்கிறீர்கள், வாழ்த்துகிறேன். ஆனால் ஓய்வுக்குப் பின் செய்வதும் பிறருக்குப் பயன்பட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு என்பது போல் இந்த உரையாடல் போகிறது. அதை நான் ஏற்கவில்லை. பதினாறு வயதில் துணி ஆலைக்குப் போனவன் நான். என் உழைப்பின் பயனை நாற்பத்தேழு ஆண்டுகள் வேறு யாரோ கணக்கிட்டார்கள். இனிமேலும் கணக்குக் காட்ட வேண்டுமா?

நான் விடியுமுன் ப்ளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில், தூண்டிலோடு நிற்பேன். ஷாட் மீன் நாளைக்கு நாலுக்கு மேல் பிடிக்கக் கூடாது, அக்டோபரிலும் நவம்பரிலும் பிடிக்கவே கூடாது. அந்த இரண்டு மாதமும் மதியத்தில் தண்ணி என்ற சீட்டாட்டம் ஆடுகிறோம். 24 சீட்டு, நாலு பேர், மொத்தம் 304 புள்ளி. கரும்புத் தோட்டத்து ஆட்கள் ஆடிய ஆட்டம் என்று அப்பா சொல்வார். கோட்டியை (ஜாக் சீட்டை) 30 என்றும் ஒன்பதை 20 என்றும் எண்ணும் இந்தக் கணக்கு ஆசிரியை அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். எங்களில் ஒருவருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது அவர் சீட்டுகளை ஒரு மரச்சட்டத்தில் செருகி வைத்து இடது கையால் ஆடுகிறார். அந்தச் சட்டத்தை நான் செய்து கொடுத்தேன். மகிழ்ச்சிக்காக ஆடுகிறோம், அவ்வளவுதான்.

மாரிட்ஸ்பர்க் செவிலி (பிப்ரவரி 15)

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். என் எழுத்து அந்தத் தொனியில் இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாலாவது ஆள் இல்லாமல் ஆட முடியாது என்பதற்காக அந்த மரச்சட்டத்தை இழைத்தீர்களே, நான் சொல்ல வந்ததும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

லெனேஷியா மகள் (பிப்ரவரி 20)

நான் இன்னும் வேலையில் இருப்பவள். ஓய்வு பெற்ற ஒருவரின் மகள் என்ற முறையில் எழுத அனுமதியுங்கள். ஸ்டேங்கரில் இருந்த அப்பாவை, அம்மா போன பிறகு எங்களோடு அழைத்து வந்தோம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே அவருக்குப் பொழுதுபோக்கு என்று நாங்களாக முடிவு செய்துவிட்டோம். பள்ளிக்குக் கொண்டுவிட, கூட்டிவர, சாப்பாடு கொடுக்க என்று அவருடைய நாள் முழுவதையும் எங்கள் வசதிக்காக எடுத்துக்கொண்டோம். அவருக்குப் பிள்ளைகள் மேல் உயிர், அதனால் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் சாப்பாட்டு மேசையில் விரல்களால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்ததை என் மகன்தான் கவனித்து, என்ன தாளம் தாத்தா என்று கேட்டான்.

அப்பா இளமையில் தெருக்கூத்துக்கு மத்தளம் வாசித்தவர். சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று இங்கே சொல்கிறோமே, அதுதான். திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன் இரவு முழுவதும் ஆட்டம் நடக்கும், விடியும்வரை அவர் கை ஓயாது என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவரிடம் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அவரைப் பிள்ளைகளிடமிருந்து முழுவதுமாக விடுவித்திருக்கிறோம். கோயிலில் இரண்டு பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். எழுபத்தொரு வயதில் இரவெல்லாம் வாசிக்க முடியாது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். வலிக்கிறது என்று அவர் சொல்லும்போது முகத்தில் இருக்கும் வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெற்றோரின் ஓய்வை வைத்துத் தங்கள் நேரத்தைத் திட்டமிடும் என் போன்ற பிள்ளைகள் இதைப் படித்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள் என்று மன்றாடிச் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை (மே 9)

அன்பர்களே, இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். மார்ச் மாதத்திலிருந்து மாரிட்ஸ்பர்க் தங்கை அனுப்பும் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள், ஒரு கல்லறை வாசகத்தின் புகைப்படம். அவை எளிதாக இருந்தன. சென்ற வாரம் ஒரு குடும்பம் டர்பனிலேயே இருப்பதாகச் சொல்லி, என்னை நேரில் போகச் சொன்னார். எண்பத்து நாலு வயதுப் பாட்டி ஒருவர் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவருடைய தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்தது. உறையில் ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை போட்ட தபால்தலை இருந்ததால், ஏறக்குறைய 1902க்கும் 1911க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம்.

புள்ளி வைக்காத கையெழுத்து. மடிப்பில் இரண்டு வரி அழிந்திருந்தது. அப்பா இறந்த செய்தியும், மழை பொய்த்த செய்தியும் புரிந்தன. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் எழுத்தாகவும் இல்லாமல் எண்ணாகவும் இல்லாமல் சில குறிகள் வந்தன. அந்தக் குடும்பத்தார் அவற்றை மை சிந்திய கோடுகள் என்றே நினைத்திருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவை கீழ்வாயிலக்கக் குறிகள். சிறு வயதில் தாத்தா மணலில் எழுதிக் காட்டிய பின்னங்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று என்று அவர் பாடிய வாய்பாடு காதில் கேட்டது. நினைவு சரிதானா என்று கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2019இல் இந்தக் குறிகள் யூனிகோடில் சேர்ந்துவிட்டதால் அட்டவணை உடனே கிடைத்தது.

நிலத்தைப் பங்கு பிரித்த கணக்கு அது. பெரியவனுக்குக் கால். அடுத்தவனுக்குக் கால். சின்னவனுக்கு மூவீசம், அதாவது பதினாறில் மூன்று. அம்மாவின் காலத்துக்கு அரைக்கால். ஒரு தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன்: பதினாறில் பதின்மூன்று. ஒன்று ஆகவில்லை, பதினாறில் மூன்று குறைந்தது. மடிப்பைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடுத்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். "மூவீசம் உன் பேரில் இருக்கிறது."

பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தாத்தா ஊர்ப் பேச்சையே எடுக்காதவராம்; ஊரில் தன்னைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று நினைத்தபடியே செத்துப்போனாராம். இந்தக் கடிதத்தை அவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கக் கேட்டாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. பிறகு பாட்டி என் கையைப் பிடித்து, அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

டப்பாவில் இன்னும் ஒன்பது கடிதங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை பூதக்கண்ணாடியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வெருலம் ஐயாவிடம் விதைக்கு நாலு மடும்பி கேட்டு வைத்திருக்கிறேன், வாளியும் வாங்கிவிட்டேன். தூண்டில்கார அண்ணா, கோட்டிக்கு 30 என்றால் ஒரு நிறத்தில் மற்ற ஐந்து சீட்டுக்கும் சேர்த்து 46 வர வேண்டும். அதில் ஒன்பதுக்கு 20 போக மீதியை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.